வாரத்துக்கு ஒரு காலிமனை

அந்த வாரப் பத்திரிகை ஆபீசில் பக்கங்களை அமைக்கிற லேஅவுட் அக்காவுக்கும் ஆசிரியருக்கும் நடந்த சண்டைக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்கும். எதைப் பற்றிச் சண்டை என்று கேட்டால், ஒன்றுமில்லாததைப் பற்றி. நிஜமாகவே அப்படித்தான். பக்கத்தில் எழுத்தும் இல்லாமல் படமும் இல்லாமல் வெள்ளையாக விடுகிற இடம் இருக்கிறதே, அதைப் பற்றி. அக்கா விடுவாள், ஆசிரியர் நிரப்புவார். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை.

அக்கா தையற்காரர் மகள். அப்பா கடையில் காக்கித்தாளில் சட்டைக்கு அளவு வெட்டிப் போட்டதும் மிஞ்சுகிற துண்டுகளில் படம் போட்டே வளர்ந்தவள். அவள் அப்பா தைக்கும்போது ஒவ்வொரு மடிப்பிலும் கூடவே கொஞ்சம் துணி உள்ளே விடுவார். கேட்டால், "இன்னிக்கு ஒல்லியா இருக்கான். நாளைக்குக் கல்யாணமாகி ஊதிப்போனா பிரிச்சு விட வேணாமா?" என்பார். அந்தப் பேச்சு அவள் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஓவியப் படிப்பு முடித்து அந்த ஆபீசின் மாடிப்படி ஏறியபோது, கத்தரிக்கோலும் இந்த ஒரு எண்ணமும்தான் அவளுடைய கைமுதல்.

கீழே அச்சு மெஷின், மேலே ஆபீஸ். மெஷின் ஓடினால் மேஜை மேல் டம்ளரில் இருக்கிற தண்ணீர் நடுங்கும். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கடை. ஆசிரியர் அறைக்கு அரைக் கதவு. உள்ளே இருப்பவரின் தலை தெரியாது, கால் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் எழுதுகிறார் என்று அர்த்தம். ஆட்டம் நின்றால் யாருக்கோ திட்டு விழப்போகிறது.

முதல் நாள் அவளிடம் கொடுத்தது ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றிய கட்டுரை. அக்கா விளக்கைப் பக்கத்தின் அடியில் சின்னதாக நிறுத்தினாள். கட்டுரையை அதன் பக்கத்தில் ஒட்டினாள். மேலே பாதிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள். தனியாக ஒரு மனுஷன், சுற்றிலும் ஒன்றுமில்லை. அதைச் சொல்ல வேறு எப்படி முடியும் என்பது அவள் கணக்கு.

ஆசிரியர் அதைக் கையில் வாங்கி, திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

"என்னம்மா, மேல ஒண்ணுத்தையும் காணோம்? மேட்டர் எங்கயாவது கழண்டு விழுந்துடுச்சா?"

"அது வானம் சார்."

"வானத்தை அவங்கவங்க ஜன்னல்ல பார்த்துக்குவாங்கம்மா. நம்மகிட்ட படிக்கறதுக்கு வராங்க. இப்படிக் காலிமனையைத் திறந்து போட்டா ஆடு மாடு வந்து படுக்கும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போனார். கால் ஆடியது. வெளியே வந்தபோது வானத்துக்கு நடுவில் ஒட்டுவதற்கு ஒரு துணுக்கு கையில் இருந்தது. 'ஒட்டகச்சிவிங்கிக்குத் தொண்டை கட்டினால் எவ்வளவு தூரத்துக்குக் கட்டும்? தெரிந்தவர்கள் எழுதலாம்.' அன்று சாயங்காலத்துக்குள் அக்காவுக்குக் காலிமனை என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் வந்து மறுபடியும் காலியாக விட்டாள்.

ஆசிரியரையும் சும்மா சொல்லக் கூடாது. துணுக்கு எழுத அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் அவள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்: "நாலு வரி." உள்ளே கால் ஆடும். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில் எழுதின நாலு வரி அரைக் கதவுக்கு மேலே நீண்டுவிடும். நாலு என்றால் நாலு, ஒரு எழுத்து கூடுதல் இருக்காது. அதைப் படித்து அச்சுக்கோக்கிறவர்கள் சிரிப்பார்கள், அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பசையைத் தடவுவாள். எதிரியின் ஜோக்குக்குச் சிரிப்பதாவது என்று ஒரு வீம்பு.

தேவையான இடத்தில் அவர் நிரப்பினால் அவளுக்கும் வருத்தமில்லை. அவள் வேண்டுமென்றே விட்ட இடத்திலும் ஒட்டிவிடுவார், அங்கேதான் வயிறு எரியும். அவள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் பூனை மாதிரி வருவார். திரும்பி வந்தால் வெள்ளை இடத்தில் ஒரு துணுக்கு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அவள் பிளேடால் சுரண்டி எடுப்பாள். அவர் இன்னொன்று எழுதுவார். ஒருநாள் அதே பக்கம் இப்படியே ஒட்டியும் உரித்தும் தாள் நைந்து கிழிந்தபோது, கீழேயிருந்து மெஷின்காரர் ஏறி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு ஒரு சமாதானம் ஏற்பட்டது.

"சரி, வாரத்துக்கு ஒரு மனை உனக்கு. எந்தப் பக்கம்னு நீயே வெச்சுக்கோ, நான் தொட மாட்டேன். மீதி ஊர் என்னோடது," என்றார் ஆசிரியர்.

"எழுதிக் கொடுங்க."

"எழுதினா அதையும் எங்கயாவது ஒட்டிடுவேன். வாய்ச்சொல் போதும்." கொஞ்சம் யோசித்து, விரலை நீட்டிக்கொண்டு தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. இந்தக் காலி இடத்தை எந்த வாசகர்ம்மா கவனிக்கப் போறார்? இத்தனை பேர் எழுதறாங்களே, ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதைப் பத்தி ஒரு வரி எழுதட்டும். அன்னியோட இந்த விஷயத்துல நான் வாயை மூடிக்கறேன்."

"மூடுவீங்க பாருங்க."

வீம்புக்குச் சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தபால் மூட்டையை மேஜையில் கொட்டும்போது வாசகர் கடிதங்களை அவளும் புரட்டுவாள். தொடர்கதையில் கதாநாயகியை ஏன் அழவைக்கிறீர்கள் என்று இருக்கும். துணுக்கைப் படித்துத் தாத்தாவுக்குப் புரையேறியது என்று இருக்கும். காலி இடத்தைப் பற்றி ஒரு ஈ காக்கை எழுதியிருக்காது. அரைக் கதவுக்கு மேலே அவர் தலை எட்டிப் பார்க்கும். "என்னம்மா, உன் மனைக்கு யாராவது விலை கேட்டிருக்காங்களா?" தபால் வருகிற நாளெல்லாம் இந்தக் கேள்வி. அவள் கத்தரிக்கோலைச் சத்தமாக வைப்பாள்.

அப்படிச் சண்டைக்காரராக இருந்த சார், அண்ணன் ஆனது ஒரு தவறால்தான்.

பக்கம் போடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவரின் முகம் பக்கத்துக்கு உள்ளேதான் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் படிக்கிறவர் கண்ணும் அவரோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரைப் பற்றிய பக்கம் அது. படத்தில் மனுஷர் பிடிவாதமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்து ஒட்டினாள். முகம் அழகாக உள்ளே திரும்பிவிட்டது. வழக்கம்போல, பக்கம் ஒட்டின அட்டையைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து, தண்ணீர்ப் பானை பக்கம் தள்ளி நின்று பார்த்தாள். தலைகீழாகப் பார்த்தால் எழுத்து கண்ணை இழுக்காது, எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். கனம் சரியாகத்தான் இருந்தது.

பத்திரிகை கடைக்கு வந்த காலையில் முதலில் வந்தது அவள் அப்பா. தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பத்திரிகையும் கையுமாக மாடியேறி வந்தார்.

"இது நீ போட்ட பக்கமா? பெரிய மனுஷனுக்குப் பொம்பளைச் சட்டையைப் போட்டுவிட்டிருக்கியே."

பார்த்தாள். பொத்தான் பட்டி தப்புப் பக்கம் மடிந்திருந்தது. இடது பை வலது மார்புக்குத் தாவியிருந்தது, அதிலே பேனாவோடு. கடிகாரம் கை மாறியிருந்தது. தையற்காரர் மகளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்துவிட்டது. முதலாளி கீழேயிருந்து கத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தாள்.

ஆசிரியர் அவளைப் பார்த்தார். அறைக்குள் போனார். கால் ஆடியது. நாலு வரி நீண்டது.

'சென்ற இதழில் ஒரு படத்தில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்திருக்கிறோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடவும். கண்டுபிடித்து எழுதுபவருக்கு ஓராண்டு இதழ் வீடு தேடி வரும்.'

அந்த வாரம் தபால்காரர் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். திட்டக் கிளம்பியவர்களெல்லாம் விடை எழுதினார்கள். தலைமையாசிரியரே சரியான விடை எழுதிப் பரிசும் வாங்கிப் போனார், ஒரே சந்தோஷம் அவருக்கு. அக்கா அரைக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். நன்றி சொல்லத்தான் வந்தாள்.

"அண்ணே," என்றாள், அவ்வளவுதான் வந்தது.

"போம்மா, போ. போய் எங்கயாவது காலியா விடு."

அண்ணன் என்றால் அண்ணனின் மகளுக்கு அத்தை. பள்ளிக்கூடம் விட்டு ஆபீசுக்கு வரும் ஆசிரியரின் மகள் அக்காவை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். அண்ணன் ஆனதால் சண்டை குறைந்ததா என்றால் அதுதான் இல்லை. உறவென்று ஆனபின் இன்னும் உரிமையோடு போட்டார்கள். பசையும் பிளேடும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஆசிரியரின் தலை நரைத்தது, அக்காவுக்குக் கண்ணாடி ஏறியது. வாரத்துக்கு ஒரு மனை மட்டும் மாறவில்லை. ஒரு வாரம் சமையல் பக்கத்தின் மூலையில், ஒரு வாரம் கதையின் தலையில். அக்காவின் வீட்டுக்காரர் மின்சார வேலை செய்பவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "எங்க வீட்டு அலமாரியிலயும் ஒரு தட்டு காலியாத்தான் கிடக்கு. என் சட்டை நாற்காலி மேல கிடக்கு," என்று ஆசிரியரிடம் வந்து புகார் சொல்வார். ஆசிரியருக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆனந்தம்.

பிறகு ஒருநாள் அரைக் கதவுக்குக் கீழே கால் தெரியவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா பார்க்கப் போனபோது கண்ணைத் திறந்து, "இந்த வாரம் மனை எங்கம்மா?" என்று கேட்டார். "பயணக் கட்டுரையில, வலது பக்கம் அடியில," என்றாள். "யாராவது விலை கேட்டாங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள். லேசாகச் சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

அவருக்கான பக்கத்தை யார் போடுவது என்று கேள்வியே எழவில்லை. ஆசிரியர் வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள வந்த மகள், அவரைப் பற்றி உருக்கமாகச் சில வரிகள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை, உங்க இஷ்டம் போலப் போடுங்க," என்றாள். மத்தியானத்துக்குள் பக்கம் கீழே மெஷினுக்குப் போயாக வேண்டும்.

அக்கா காலையிலேயே ஒரு பக்கம் போட்டுவிட்டாள். அடியில் சின்னதாக அவர் படம். பக்கத்தில் மகள் எழுதின வரிகள். மேலே முழுக்க வெள்ளை. பிரிண்ட் எடுத்ததும் ஆபீசே வந்து சுற்றி நின்றது. அழாதவர் இல்லை. "இதுக்கு மேல யாராலயும் போட முடியாது அத்தை," என்று மகள் மூக்கை உறிஞ்சினாள்.

எல்லோரும் போனபின் அக்கா அதைத் தலைகீழாகச் சுவரில் ஒட்டி, தண்ணீர்ப் பானை இருந்த இடத்தில் நின்று பார்த்தாள். பானை போய் இப்போது அங்கே தண்ணீர் வடிகட்டி இருக்கிறது. நிற்கிற இடம் அதே இடம். கனம் சரியாக இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இது அழகான பக்கம்தான், சந்தேகமில்லை. யாருடைய பக்கம் இது? அவர் உயிரோடு இருக்கும்வரை விடச் சம்மதிக்காத வெள்ளையை, அவர் எழுந்து வந்து தடுக்க முடியாத நாளில் அவர் தலைமேலேயே கொட்டியிருக்கிறோம். ஜெயித்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரிண்டைக் கிழித்துப் போட்டாள். பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாக இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒட்டகச்சிவிங்கி கிடைத்தது. 'தும்மும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாதாம். முயன்று பார்த்துவிட்டு எங்களைத் திட்டி எழுத வேண்டாம்' கிடைத்தது. 'பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரே, அடுத்த பஸ் காலியாக வருகிறது என்று முந்தின பஸ் கண்டக்டர் சொன்னதை நம்பித்தானே நேற்று நடந்தீர்கள்?' என்பதைப் படித்தபோது அடக்கிவைத்த அத்தனை வருஷச் சிரிப்பும் மொத்தமாக வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், எது எப்போது முடிந்து எது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் அடைத்தாள். மேலே, கீழே, மகள் எழுதின வரிகளுக்கு இடையில், ஓரத்தில். எள் போட்டால் எள் விழாது. மற்றப் பக்கங்களிலும் அந்த வாரம் தனக்கென்று மனை எதுவும் ஒதுக்கவில்லை. முழு ஊரையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டாள்.

படம்தான் இடித்தது. இருக்கிற நல்ல படம் ஒன்றே ஒன்று: சட்டைப் பை நிறையப் பேனாவோடு மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாரையோ பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறார். பக்கத்தில் வைத்தால் வெளியே பார்க்கிறார். எதிர்ப்பக்கம் நகர்த்தலாமென்றால், அடைத்த துணுக்குகள் அங்கே இடம் விடவில்லை. போகிற மனுஷர் போகிறேன் என்று சொல்வது மாதிரி இருந்தது அவளுக்கு. அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு அழுத்து அழுத்தினாள். படம் திரும்பிக்கொண்டது. அண்ணன் உள்ளே பார்த்தார், தன் துணுக்குகளை எல்லாம் பார்த்தார்.

வந்து எட்டிப் பார்த்த மகள் திகைத்தாள். "அத்தை, அப்பா சட்டைப் பை..."

"தெரியும் கண்ணு. எங்க அப்பா இருந்திருந்தா இன்னேரம் மாடியேறி வந்திருப்பார்."

எல்லாம் முடிந்தபின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அளந்து பார்க்க வேண்டாம், நாலு வரி. தலையை நிமிர்த்தி அரைக் கதவைப் பார்த்து, "அண்..." என்று வாயைத் திறந்துவிட்டாள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வாழ்நாளில் ஒரு வரி எழுதாதவள், உட்கார்ந்து தானே தட்டினாள்.

'இந்தப் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடவும். கண்டுபிடித்து எழுதுபவருக்கு ஓராண்டு இதழ் வீடு தேடி வரும்.'

நாலு வரி சரியாக உட்கார்ந்தது.

இதழ் வெளியானதும் தபால் குவிந்தது. இப்போதெல்லாம் போனிலேயே எழுதிவிடுகிறார்கள் என்றாலும், அந்த வாரம் ஜனங்கள் அஞ்சலட்டை வாங்கி எழுதினார்கள். படம் திரும்பியிருக்கிறது, பை வலது பக்கம் வந்துவிட்டது என்று பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். பழைய தலைமையாசிரியர் விஷயத்தை ஞாபகம் வைத்து எழுதியவர்களும் இருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு அட்டையில் கை நின்றது. யாரோ ஒரு அம்மாள், ஏதோ ஒரு ஊரிலிருந்து.

'தவறு என்னவென்று எனக்குத் தெரியும். இந்த வாரம் நீங்கள் இடம் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு பக்கத்தில் கொஞ்சம் காலியாக விடுவீர்களே, என் பையன் சின்ன வயதில் இதழ் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவான். அதில் படம் வரைவான். அவன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். எனக்குப் பழக்கம் விடவில்லை, நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன், இல்லை. அடுத்த வாரம் மறக்காமல் விடவும்.'

அக்கா எழுந்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். "அண்ணே, இதைப் பாருங்க," என்று அரைக் கதவைத் தள்ளின பிறகுதான் நாற்காலியில் மகள் இருப்பது தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள். மகள் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்தாள். இந்தப் பந்தயத்தைப் பற்றி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்ததை அவளும் கேட்டு வளர்ந்தவள்தானே.

"அப்பா தோத்துட்டார் அத்தை," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தர் எழுதிட்டாங்கன்னா வாயை மூடிக்கறேன்னு சொல்லியிருந்தாரே."

"சொன்னார்தான்," என்றாள் அக்கா. காலியாக இருந்த சுவரைப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் அவர் கால் ஆடுகிற இடத்தைப் பார்த்தாள். "ஆனா அவர் வாயை மூடணும்கறதுக்காகவா கண்ணு, நான் இத்தனை வருஷம் சண்டை போட்டேன்?"

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே மெஷின் ஓட ஆரம்பித்து, மேஜை மேல் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அந்த அம்மாளுக்கே பரிசை அனுப்பச் சொல்லிவிட்டு, அக்கா போய் அடுத்த வார இதழைத் திறந்து, எந்தப் பக்கத்தில் இடம் விடலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள்.